வாசலில் வந்து நின்ற அப்பா

பள்ளிக்கூடத்தில் டீச்சர், "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால் மற்ற பிள்ளைகள் ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுவார்கள். எனக்கு மட்டும் இரண்டு வரி வேண்டும். "ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் டீச்சர். சாயங்காலம் சடுகுடு சொல்லித் தருவார்."

வகுப்பே சிரிக்கும். சடுகுடுவைப் போய் யாராவது சொல்லித் தருவார்களா? தெருவில் கோடு கிழித்தால் தானாக வருவதுதானே! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவரும் சிரிப்பார். "மூச்சு விடறதும் தானாத்தான் வருது பாப்பா. எப்படி விடணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்கும்ல?" என்பார்.

அப்பா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஆவணியில் என் மகள் பெரிய மனுஷி ஆனாள். அன்றிலிருந்து அப்பாவின் நினைப்பு என்னை விடவே இல்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லி விடுகிறேன்.

சங்கு ஊதினால்...

திருச்சி பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பணிமனையை 1920களில் இங்கே கொண்டு வந்தார்களாம். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களுக்குக்கூட எங்கள் ஊரில்தான் வைத்தியம். எங்களுக்குக் கடிகாரமே தேவையில்லை. பணிமனைச் சங்கு ஊதினால் அம்மா அரிசி களைவாள். மறுபடி ஊதினால் காபிக்குப் பாலை அடுப்பில் வைப்பாள்.

சாயங்காலம் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் சைக்கிள் வந்து நிற்கும். கையெல்லாம் கிரீஸ். மண்ணெண்ணெயை விட்டு, கழிவுப் பஞ்சால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுவார். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அந்தக் கையால்தான் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு விடுவார். அம்மா பின்னினால் இழுத்து இழுத்துப் பின்னுவாள், வலிக்கும். அப்பா பின்னினால் தூக்கம் வரும். என் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனையோடு மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசனை வந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டு தம்பிகள். லீவு நாளில் எங்கள் மூன்று பேரையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். முன்னால் ஒருத்தன், பின்னால் நாங்கள் இரண்டு பேர். வருஷத்துக்கு ஒரு தடவை புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு முக்கொம்புக்கு எல்லோரும் பஸ்ஸில் போவோம். அன்றைக்கு அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அப்பாதான் எல்லோருக்கும் பரிமாறுவார். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆனால் வேலை நாள் சாயங்காலம் மட்டும் அப்பா எங்களுக்கு இல்லை. காபியைக் குடித்துவிட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பி விடுவார். குவார்ட்டர்ஸ் வரிசைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. கல்லும் முள்ளுமாகக் கிடந்ததை ஒரு கோடை முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பொறுக்கி, மண்ணடித்து, தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தினார். சுண்ணாம்பைக் குழைத்துக் கோடு போட்டார். அதுதான் அவருடைய இரண்டாவது பணிமனை.

ஐந்தில் நான்கு

முதலில் பையன்கள்தான் வந்தார்கள். 1986-ல் தென் கொரியாவில் சியோல் ஆசிய விளையாட்டு நடந்தது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அப்பா ரேடியோப் பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. இந்தியாவுக்கு அந்தத் தடவை மொத்தமே ஐந்து தங்கம். அதில் நான்கில் பி.டி. உஷாவின் ஓட்டம் இருந்தது. மூன்று அவர் தனியாக ஓடி வாங்கியது, ஒன்று தொடர் ஓட்டத்தில்.

"ஐந்துல நாலு! ஒரு பொண்ணு ஓடி!" என்று அப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று நின்று அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நான் இத்தனை வருஷமா பாதிப் பிள்ளைங்களை வீட்டுக்குள்ள விட்டுட்டு மீதிப் பாதிக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன் போலிருக்கே" என்றார்.

மறு வாரமே வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். வாசலோடு நிற்பார், உள்ளே கூப்பிட்டாலும் போக மாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, "வணக்கங்க. உங்க பொண்ணை விளையாட அனுப்பணும்னு கேட்டு வந்திருக்கேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள நானே கொண்டு வந்து விட்டுடறேன்" என்பார். சில வீட்டில் காபி கொடுத்தார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். "பொட்டப் பிள்ளை காலை இன்னொருத்தி பிடிச்சு இழுக்கறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். அப்பா அடுத்த வாரம் மறுபடி போய் அதே வாசலில் நின்றார். மூன்றாவது தடவை அந்த மனுஷரே, "சரிப்பா, அழைச்சுட்டுப் போ" என்று அனுப்பி வைத்தார்.

சடுகுடுவில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஏழு பெண்கள் சேர அப்பாவுக்கு நான்கு மாதம் பிடித்தது. ஏழாவது ஆள் சேருகிற வரைக்கும் எட்டு வயதான நான்தான் ஒப்புக்கு நின்றேன்.

அவர் சொல்லிக் கொடுக்கிற விதமே தனி. அடிக்க மாட்டார், வைய மாட்டார். யாராவது தப்புச் செய்தால் விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்திவிட்டு அவளிடமே, "என்ன ஆச்சு, நீயே சொல்லு" என்பார். பாடிப் போகிறவளுக்கு மூச்சு முதல் பாடம். விடியற்காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே மூச்சில் "கபடி கபடி" சொல்லச் சொல்லுவார். பிடிக்கிறவர்களுக்குச் சங்கிலி. "ஒருத்தியா பாயாதே. பக்கத்துல இருக்கிறவ கையை விடாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மாட்டிக்கொண்டவளுக்கு, "பயப்படாதே, நடுக்கோட்டை மட்டும் பாரு. விரல் நுனி பட்டாலும் போதும்" என்பார்.

ஆட்டத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. சடுகுடுவில் அவுட் ஆனவள் அப்படியே போய்விடுவதில்லை, ஓரமாக உட்கார்ந்திருப்பாள். கூட்டாளி ஒருத்தி எதிராளியை அவுட் ஆக்கி ஒரு பாயிண்ட் எடுத்தால் இவள் திரும்ப உள்ளே வரலாம். "எத்தனை நல்ல விதி பாரு!" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார்.

1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் முதன்முதலாகக் கபடியைப் பதக்கப் போட்டியாகச் சேர்த்தார்கள். அந்த முறை இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். அது கபடிக்கு! அன்றைக்கு எங்கள் பொட்டலில் அப்பா செலவில் எல்லோருக்கும் குச்சி ஐஸ். என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் மறுநாளே வந்து சேர்ந்தார்கள்.

அம்மாவின் உருண்டை

இதற்கெல்லாம் பின்னால் அம்மா இருந்தாள். அப்பா புதிதாக வந்த பெண்ணை முதலில் வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் நோட்டில் ஒரு புள்ளி வைப்பார். ராத்திரி அம்மாவிடம், "இன்னைக்கு ரெண்டு புள்ளி" என்பார். அம்மாவுக்குப் புரியும். மறுநாள் வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் போட்டு உருண்டை பிடித்து, தூக்குவாளியில் வைத்து அனுப்புவாள். வீட்டு வாசல் முருங்கையை ஒடித்து அந்தப் பெண்ணின் அம்மாவிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

ஃபிட்டர் சம்பளத்தில் மூன்று குழந்தைகள், அப்பாயி, இதில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வெல்லம் வேறு. அம்மா முணுமுணுத்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். மாதக் கடைசியில் டப்பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க டீமுக்கு இந்த வாரம் பொரிகடலைதான்" என்பாள். ஆனால் ஒரு நாளும் வாளி காலியாகப் போனதில்லை.

வராந்தாவில் ஐந்து மாதம்

1991 புரட்டாசியில் நான் பெரிய மனுஷி ஆனேன். பன்னிரண்டு வயசு. தாய்மாமன் சீர், மஞ்சள் நீர், புட்டு, உளுந்தங்களி எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் நான் பழையபடி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பாவின் பின்னால் கிளம்பினேன்.

"எங்கடி கிளம்பிட்டே?" என்று அப்பாயி வாசலில் குறுக்கே நின்றாள். அப்பாவைப் பெற்றவள். எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. "ஆளான பொண்ணு ஆம்பளைங்க பார்க்க மண்ணுல உருளறதா? கருப்பை எறங்கிப் போயிடும். நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். எத்தனை வீட்டு வாசலில் நின்று பேசினவர்! இப்போது ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு விசிலை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா மாதிரி நல்லவர் கிடையாது என்று எழுத உட்கார்ந்த நான் இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

தினமும் சாயங்காலம் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொட்டலில் விசில் சத்தம் கேட்கும். என்னோடு விளையாடினவர்களில் இரண்டு பேர் எனக்கு முன்னாலேயே பெரியவர்கள் ஆனவர்கள். அவர்கள் அப்பாக்களிடம் என் அப்பாதான் பேசி, திரும்பக் கூட்டி வந்திருந்தார். அவர்கள் ஓடுகிறார்கள், நான் நிற்கிறேன். பொங்கல் போட்டி வந்தது. எங்கள் அணி இறுதி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றது. என் இடத்தில் வேறொருத்தி நின்றாள். நான் போயிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை. தோற்றிருந்தாலும் எல்லோரோடும் சேர்ந்து அழுதிருப்பேனே!

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீங்க அப்பா. எனக்கு மட்டும் ஏன்பா இல்லை?"

அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பின் எங்கள் இருவருக்குள் பேச்சு குறைந்தது. அவர் பின்னல் போட வந்தால் நான் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன்.

"வணக்கங்கம்மா"

பங்குனி பிறக்கிற சமயம். ஒரு ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா பேசுவது கேட்டது. அம்மா அதிகம் பேசாதவள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"ஏங்க, மத்தவங்க வீட்டு வாசல்ல மூணு தடவை போய் நின்னீங்களே. நம்ம வீட்டு வாசல்ல ஒரு தடவை நிக்க முடியலையா? பிள்ளை உங்ககிட்ட பேசறதை நிறுத்திடுச்சு. நாளைக்கு அந்த வீட்டுக்காரங்க எல்லாம், 'உன் பொண்ணை மட்டும் வீட்ல வச்சுக்கிட்டு எங்க பொண்ணைக் கேட்க வர்றியா?'ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?"

அப்பா பதிலே சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனார். ஐந்து நிமிஷத்தில் வாசலில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். அப்பாயி போய்த் திறந்தாள். அப்பாதான் நின்றிருந்தார்! செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார்.

"வணக்கங்கம்மா" என்றார். பெற்ற தாயை ஒரு நாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை அவர். "உங்க பேத்தியை விளையாட அனுப்பணும்னு கேட்டு வந்திருக்கேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள நானே கொண்டு வந்து விட்டுடறேன்."

"என்னடா கூத்து இது?" என்றாள் அப்பாயி.

"கூத்து இல்லைங்கம்மா. எல்லா வீட்லயும் இப்படித்தான் கேட்டேன். இந்த வீட்ல மட்டும் கேட்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அப்பாயி கதவைச் சாத்திவிட்டாள். அப்பா நகரவில்லை. பங்குனி வெயிலில் அப்படியே நின்றார். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சொந்த வீட்டுக்கே வழி தெரியலையா?" என்று கேட்டாள். அப்பாயி இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெற்ற மனசு இல்லையா! மூன்றாவது தடவை ஒரு சொம்பு மோரோடு கதவைத் திறந்தாள்.

"முழுக்கால் சட்டை போட்டுத்தான் போகணும். ஆம்பளைப் பசங்க ஆடறப்ப இவ ஆடக்கூடாது. அப்புறம், நானும் கூட வருவேன்" என்றாள்.

"வாங்க வாங்க! ஒரு முக்காலி போடறேன்" என்றார் அப்பா.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய பைஜாமா ஒன்றை அம்மா வெட்டித் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நான் பொட்டலுக்குள் நுழைந்தபோது அப்பா குனிந்து என் காதில் சொன்னார். "நீ அவுட் ஆகி உட்கார்ந்திருந்தே பாப்பா. உன்னைத் திரும்ப உள்ளே கொண்டு வந்தது நான் இல்லை. அது உங்க அம்மா எடுத்த பாயிண்ட்."

அப்பாயி முக்காலியில் காவலுக்குத்தான் உட்கார்ந்தாள். ஒரு மாதம் போனதும் எதிரணிப் பெண்ணைப் பார்த்து, "அடியே, கோட்டைத் தாண்டிட்டா, தாண்டிட்டா! பிடிங்கடி!" என்று கத்தினது ஊருக்கே கேட்டது. பிற்பாடு எந்த வீட்டிலாவது பெண்ணை அனுப்ப மறுத்தால் அப்பாயியைத்தான் அப்பா தூது அனுப்புவார்.

பத்தாம் வகுப்பு வரைக்கும் விளையாடினேன். பெரிய வீராங்கனை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கோப்பை, ஒரு தழும்பு, அவ்வளவுதான். 1999-ல் கல்யாணம் ஆகி வந்தேன். இரண்டு பிரசவம், மளிகைக் கடைக் கணக்கு, மாமனாரின் பக்கவாதம் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். கீழே விழுந்தால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும் பழக்கம் அந்தப் பொட்டலில் வந்ததுதான்.

தாய்மார்களுக்கு அப்பா சொன்னவை

மைதானத்துக்கு வரும் தாய்மார்களிடம் அப்பா சொல்லி வந்தது சில உண்டு. எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்து, அவர் கூட்டிச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாதவிலக்கு சமயத்தில் விளையாடினால் கருப்பை இறங்கிவிடும் என்பது வெறும் பயம். உடம்புக்கு முடிந்தால் தாராளமாக விளையாடலாம். லேசாக ஓடியாடினால் பலருக்கு வலி குறையவும் செய்யும். வலி பொறுக்க முடியாத நாளில் ஓய்வு கொடுங்கள். நாப்கினோ துணியோ நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். நிறைய விளையாடிக் குறைவாகச் சாப்பிடும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராமல் இருந்தால் சும்மா விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரத்தசோகையை லேசாக நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கீரை, கேழ்வரகு, பயறு, வேர்க்கடலை, முடிந்தால் முட்டை, மீன், ஈரல் கொடுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது ஒட்டாது. ஒரு மணி நேரம் போகட்டும். இமை வெளுப்பு ஒரு சந்தேகத்துக்குத்தான். ரத்தப் பரிசோதனைதான் உறுதி சொல்லும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

கால் சுளுக்கினால் உடனே எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். சுடுதண்ணீர் ஒத்தடமும் முதல் இரண்டு நாள் வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வையுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

ஐந்து வயது முதல் பதினேழு வரைக்கும் உள்ள பிள்ளைகள் தினம் சராசரி ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது ஆண் பிள்ளைக்கு மட்டும் சொன்னது இல்லை.

மூச்சு வாங்கியபோது...

2005-ல் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்திலேயே சின்ன வீடு கட்டிப் போனோம். பொட்டலுக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. 2010-ல் சீனாவின் குவாங்சோ ஆசிய விளையாட்டில் முதன்முதலாகப் பெண்கள் கபடி வந்து, இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். எனக்கு போன் பண்ணி, "பார்த்தியா பாப்பா? அப்பாயி இருந்திருக்கணும்" என்றார். குரல் கம்மியிருந்தது.

2014 தை மாதம் ஊருக்குப் போனபோது, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "என்னப்பா?" என்றேன். "வயசாகுதுல்ல" என்றார். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகளின் மூச்சையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவர் தன் மூச்சைக் கவனிக்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. மாசியில் ஒரு விடியற்காலை எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு முன்பே ஒரு தடவை மாரடைப்பு வந்து போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

சகோதரிகளே, இதை மட்டும் என் பொருட்டு மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏறும் படியில் புதிதாக மூச்சு வாங்கினால், நடந்தால் நெஞ்சு அடைத்து, நின்றால் சரியானால், அதை வயசு என்றோ வாயு என்றோ விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நெஞ்சு அடைப்போடு வியர்த்துக் கொட்டினால், அல்லது வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பாக்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு வீட்டு முன்னால் கூட்டம் தாங்கவில்லை. நாற்பது வயதுப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி போலீஸ் வேலையில் இருக்கிறாள், ஒருத்தி விளையாட்டு டீச்சர், ஒருத்தி பூக்கடை வைத்திருக்கிறாள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா வாசல்ல மூணு தடவை நின்னாருக்கா உங்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நோட்டில் என் பெயர்

காரியம் முடிந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே அந்த நாற்பது பக்க நோட்டுகள், வருஷ வாரியாகக் கட்டி வைத்திருந்தார். நான் 1991-92 நோட்டைத் தேடி எடுத்தேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். யாராவது இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால் பெயரைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசி, திரும்ப வந்தால் புதிதாக எழுதுவார். அந்த ஐந்து மாதமும் என் பெயரை அவர் அடிக்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் முதல் வரியில் என் பெயர். அதற்கு நேராக ஒவ்வொரு நாளும் 'லீவு', 'லீவு', 'லீவு'. பொங்கல் போட்டி அன்றுகூட ஏழு பேருக்குக் கீழே எட்டாவதாக என் பெயர் இருந்தது. பங்குனியில் நான் திரும்பப் போன நாளில் 'வந்தாள்' என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

நான் வராந்தாவில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் அங்கே என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அப்பா இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் எத்தனையோ பேசியிருக்கலாம்.

என் மகளுக்கு இப்போது பதிமூன்று வயசு. பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆடிய இந்திய அணி தங்கம் வாங்கியதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆவணியில் அவளுக்குச் சடங்கு முடிந்ததும் என் மாமியார், "இனிமே விளையாட்டெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். முகத்தைக் கழுவினேன். பின்பக்கமாக வெளியே போய், சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"வணக்கங்கத்தை" என்றேன். "உங்க பேத்தியை விளையாட அனுப்பணும்னு கேட்டு வந்திருக்கேன்."

எங்கள் வீட்டில் ஒரே தடவையில் கதவு திறந்துவிட்டது. மாமியார் முக்காலி வேண்டாம், நாற்காலிதான் வேண்டும் என்கிறார்!